ஆ – ஆயாம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இப்போது மேம்பாலமும் கண்ணாடிக் கட்டடமும் நிற்கிற இடத்தைக் காட்டி, "இங்கதான் எங்க வீடு இருந்துச்சு" என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். "போன தடவையும் சொன்னீங்கம்மா" என்று கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் வரும். அதனால்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். நம் வயதுக்காரர்கள் முட்டி வலியோடு உட்கார்ந்தாலும் கதையை முழுசாகக் கேட்பீர்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் ரயில் என்ஜின் கரி விழுந்ததற்கு நாம் ஏன் அடி வாங்கினோம் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அதற்கு முன்பு நாங்கள் கிள்ளானில் இருந்தோம். தங்கச்சிக்கு ஒன்றரை வயதானபோது அம்மாவுக்கு இருமல் வந்து நிற்கவே இல்லை. கடைசியில் காச நோய் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அதே சமயத்தில் அப்பாவுக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் வந்தது. ஷிப்டு வேலை பார்க்கிற மனிதர் என்னை இழுத்துக்கொண்டு போகலாம், இடுப்புப் பிள்ளையை என்ன செய்வார்? பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, "பிள்ளை என்னிடம் இருக்கட்டும், உன் மனைவி எழுந்து வரட்டும்" என்று வாங்கிக்கொண்டார். நாங்கள் அவரை மாக்சிக் என்போம். நாம் ஆன்டி என்று கூப்பிடுகிற மாதிரிதான் அது. அவருக்குப் பிள்ளை இல்லை. ஆறு மாதம் என்று சொன்ன ஆஸ்பத்திரிக்கு, அம்மாவை வீட்டுக்கு அனுப்ப இரண்டரை வருஷம் ஆனது.

தங்கச்சியைக் கூட்டி வர அப்பாவோடு நானும் போனேன். மாக்சிக் அவளைக் குளிப்பாட்டி, முகம் முழுக்கப் பௌடர் அப்பி, தலையைப் படிய வாரி வைத்திருந்தார். அவள் தூங்குகிற சின்னப் பூப்போட்ட பாத்தெக் கைலியை மடித்து ஒரு பேப்பர் பையில் போட்டுக் கொடுத்தார். பிறகு அப்பாவிடம் மலாயில் ஒன்று சொன்னார். இந்தப் பிள்ளை வந்த நாளிலிருந்து என் அடுப்பில் மாட்டிறைச்சி ஏறியதில்லை, உன் மனைவியிடம் சொல்லிவிடு என்றார். அப்பா தலையைத் தலையை ஆட்டினார். நன்றி சொன்னாரா என்று எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பார் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

ரயில் நகரும் வரை தங்கச்சி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பிளாட்பாரத்தில் நின்ற மாக்சிக்கும் ஏறி வருவார் என்று நினைத்திருக்கிறாள். பிளாட்பாரம் பின்னால் போகத் தொடங்கியதும் அவள் போட்ட சத்தம் இருக்கிறதே, ஷா ஆலாம் பக்கத்து ரப்பர் மரங்களெல்லாம் தாண்டியும் ஓயவில்லை. "எமாக்! எமாக்!" எமாக் என்றால் மலாயில் அம்மா. எதிர் இருக்கையில் இருந்த ஒருவர் அப்பாவைப் பிள்ளை பிடிப்பவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். அப்பாவின் காது சிவந்துவிட்டது.

வீட்டில் அம்மா வாசலிலேயே காத்திருந்தாள். நோயில் கிடந்து கிடந்து வளையல் முழங்கை வரை ஏறும் அளவுக்குக் கை மெலிந்திருந்தது. "வாடி தங்கம்" என்று கையை நீட்டினாள். தங்கச்சி என் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "காக்கா, இது யாரு?" என்று மலாயில் கேட்டாள். அம்மாவுக்கு நன்றாகவே மலாய் புரியும்.

காக்கா கதையையும் சொல்லிவிடுகிறேன். மலாயில் அக்காவுக்குக் 'காக்காக்' என்று பெயர். அவள் வாயில் அது காக்கா ஆகிவிட்டது. நானோ வீட்டிலேயே கறுப்பு. குவார்ட்டர்ஸ் வரிசையில் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? நான் குழாயடிக்குப் போனால் ஒருத்தன் "கா... கா..." என்பான், இன்னொருத்தி சோற்றுப் பருக்கையை எடுத்து வீசுவாள். எனக்கும் மலாய் தெரியும், அவள் என்ன அர்த்தத்தில் கூப்பிடுகிறாள் என்றும் தெரியும். தெரிந்தும் ஒரு நாள் அவள் முதுகில் ஒன்று வைத்தேன். "அக்கான்னு சொல்லு!" அவள் அழவில்லை. என்னையே முறைத்துக்கொண்டு, "காக்கா" என்றாள்.

விஜயதசமி வந்தது. அப்பா தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, சாமிப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அவளை மடியில் வைத்து ஆள்காட்டி விரலைப் பிடித்தார். நாமெல்லாம் அப்படித்தான் தொடங்கினோம். அவள் விரல்களை மடக்கி முஷ்டி பிடித்துக்கொண்டாள். அப்பா ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடியது. கடைசியில் அந்த முஷ்டியோடு ஓங்கித் தட்டியதில் அரிசி பூஜை மாடம் வரை தெறித்தது. "நல்ல நாள் அதுவுமா" என்று சொல்லிக்கொண்டே அம்மா குனிந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கினாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அடுத்த ஜனவரியில் அவளைப் பாலர் பள்ளியில் சேர்க்க வேண்டும். தமிழே பேசாத தமிழ்ப் பிள்ளையை எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது என்று அப்பாவுக்கு வெட்கம். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கிய அன்றே எனக்கு உத்தரவு வந்தது.

"நீதான் கிளாஸ்ல ரெண்டாவது வர்றியே. லீவு முடியறதுக்குள்ள இவளுக்கு அ ஆ வந்துரணும். வரலன்னா ஒனக்கும் சேர்த்துதான் பிரம்பு."

இரண்டாவது வந்ததற்குக் கிடைத்த பரிசு அது. என்னுடைய பழைய சிலேட்டைத் தூசி தட்டி எடுத்தேன். மரச்சட்டத்தில் ஒரு மூலை உடைந்து, கையில் குத்தும். ஈரத்துணி வாடையும் எச்சில் வாடையும் கலந்த ஒரு வாடை அதற்கு உண்டு. உங்களுக்குத் தெரியும். இன்று எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் அந்த வாடை கிடைக்காது. கூடவே படம் போட்ட அரிச்சுவடி ஒன்று, அட்டை கிழிந்தது. நவம்பர் மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, முன்னறைச் சிமெண்டுத் தரையில் எங்கள் பள்ளிக்கூடம் நடந்தது.

முதல் பக்கத்தில் புடவை கட்டி, கொண்டையில் பூ வைத்த ஒரு பெண்ணின் படம். "அ – அம்மா" என்றேன். அவள் படத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, "புக்கான்" என்றாள். இல்லையாம். அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

அடுத்த பக்கம் ஆட்டின் படம். "ஆ – ஆடு" என்றேன். "காம்பிங்" என்றாள். "இ – இலை" என்றால் "டாவுன்." ஈயைக் காட்டினால் "லாலாட்." எலியைக் காட்டினால் குதித்துக்கொண்டு "திக்குஸ்! திக்குஸ்!" ஒவ்வொன்றும் சரியான பதில்தான், மலாயில். பெரியவர்கள் இதைப் பிடிவாதம் என்றார்கள். முன் வீட்டு ஆன்டி, "தலையில ஒண்ணும் ஏறாதுபோல" என்று அம்மா காது படவே சொன்னார். அப்பா வேலை முடிந்து வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு முதலில் கேட்கிற கேள்வி, "என்னா, வந்துச்சா?" என்பதுதான். வரவில்லை என்றால் தங்கச்சியைப் பார்த்து விரலை ஆட்டுவார்.

"இங்க பாரு, அ ஆ படிக்கலன்னா கிள்ளானுக்கே ரயில் ஏத்தி விட்டுருவேன். அங்கயே கெட."

தினமும் இதே மிரட்டல். அதைக் கேட்கும்போது மட்டும் அவள் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். பயந்துவிட்டாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

ஒரு நாள் எனக்கே அலுத்துப்போய், சிலேட்டில் விளையாட்டாக ஒரு கோழி வரைந்தேன். வாத்து மாதிரிதான் வந்தது. இருந்தும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "ஆயாம்!" என்றாள். மலாயில் கோழி. என் தலைக்குள் என்னவோ திறந்தது. கோழிக்குப் பக்கத்தில் பெரிதாக 'ஆ' எழுதி, "ஆ... ஆயாம்" என்றேன். அவள் எழுத்தைப் பார்த்தாள், கோழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து யாருக்கும் தெரியாமல் ஒரு அரிச்சுவடி செய்தோம். ஆ – ஆயாம். மீனுக்கு இ – இக்கான். பாம்புக்கு உ – உலார். மரவள்ளிக்கு ஊ – ஊபி. எ எழுதிவிட்டு என்ன வரைவது என்று நான் யோசித்தபோது அவளே சிலேட்டுக் குச்சியை வாங்கி ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி முக்காடு மாதிரி இன்னொரு வட்டம் போட்டாள். "எமாக்" என்றாள். அதை அழிக்க விடவில்லை. நானும் அன்று அழிக்கவில்லை.

பதினைந்து நாளில் அவளுக்குத் தமிழும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டது. இரண்டையும் பிசைந்து ஒரு பாஷை பேசுவாள். என் பின்னாலேயே காய்கறி வாங்கப் பாசாருக்கு வருவாள், குழாயடிக்கு வருவாள், தூங்கும்போது அந்தக் கைலியின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையைத் தன் மூக்கில் வைத்துக்கொள்வாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த வயதில் அவளை விட்டால் வேறு யாருமே இல்லை. அம்மா இரண்டரை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அப்பா ஷிப்டுக்குப் போன வீட்டில் நான் தனியாகச் சோறு போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவள். ஆனால் அப்பா முன்னால் சிலேட்டை வைத்தால் மட்டும் அவள் வாயைப் பூட்டிக்கொள்வாள். 'அ' எது என்றால் கூரையைப் பார்ப்பாள்.

மழை விட்ட ஒரு மத்தியானம் அவளைத் தேடிப் பின்பக்கம் போனேன். குளிக்கிற சிமெண்டுத் தரையில் குந்தியிருந்தாள். கையில் அடுப்புக்கரித் துண்டு. தரை முழுக்க எழுத்துகள். அ, ஆ, இ, ஈ என்று வரிசையாக, ஔ வரைக்கும். பன்னிரண்டும். கடைசியில் ஃ போட்டு, அந்த மூன்று புள்ளியையும் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈ மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. என்னைக் கண்டதும் காலால் தேய்த்து அழிக்க ஆரம்பித்தாள்.

"ஏய், ஒனக்கு எல்லாம் தெரியுமா?"

அவள் எழுந்து வந்து கரிக்கையால் என் வாயைப் பொத்தினாள். "அப்பாகிட்ட ஜாங்கான் சொல்லு காக்கா." ஜாங்கான் என்றால் வேண்டாம்.

"ஏன்டி?"

"தெரியாதுன்னா ரயிலு. தெரியும்னா ரயிலு தாக் அடா." தெரிந்துவிட்டால் ரயில் இல்லையாம். நான் முட்டாள் மாதிரி நிற்பதைப் பார்த்து, பொறுமையாக இன்னொரு தடவை விளக்கினாள். "அப்பா சொன்னாரு. படிக்கலன்னா எமாக் வீடு."

அப்பாவின் மிரட்டலை அவள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டிருந்தாள். நான்கு வயதுப் பிள்ளை, நாள்கணக்காக, தனக்குத் தெரிந்ததைத் தெரியாததாகக் காட்டிக்கொண்டு தன் ரயிலுக்காகக் காத்திருந்தது. பிரம்படி வாங்கியும் சொல்லவில்லை. இப்போது நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அன்றைக்குப் பதறவில்லை. பெரிய ரகசியம் ஒன்று கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது. சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

நான்கு நாள் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஐந்தாம் நாள் மத்தியானம், அப்பா ஷிப்டு முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பேச்சை எடுத்தாள்.

"என்னங்க, அவள அங்கயே கொஞ்ச நாள் விட்டுப் பாப்போமா? ராத்திரியெல்லாம் தூக்கத்துல அந்தம்மாவத்தான் கூப்பிடுறா. எம்மேல இன்னும் ஒட்டல. அடிச்சு அடிச்சு எப்படி ஒட்ட வைக்கிறது?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம எனக்கு ஆஃப்தான். கொண்டுபோய் விட்டுட்டு வரேன். பெரிசானா தானா வருவா" என்றார்.

மிரட்டல் நிஜமாகிவிட்டது. அவள் ஜெயித்துவிட்டாள். நான் அறைக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அதற்குப் பிறகு கைலி முனையை என் கையில் யார் கொடுப்பார்கள்? மறுபடியும் அந்த வீட்டில் நான் தனியாக இருக்க வேண்டும். அதோடு, நான் சொல்லிக்கொடுத்தும் வரவில்லை என்றல்லவா ஊர் பேசும்? எது முதலில் வந்தது, ஆசையா வீம்பா என்று இத்தனை வருஷத்தில் நானும் என்னைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். இரண்டும் இருந்தது.

"அவளுக்கு எல்லாம் தெரியும்பா" என்றேன், வெளியே வந்து.

"என்னா தெரியும்?"

"அ ஆ எல்லாம். தெரியாத மாரி நடிக்கிறா."

அப்பா நம்பவில்லை. தங்கச்சியைக் கூப்பிட்டுச் சிலேட்டை முன்னால் வைத்தார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கூரையைப் பார்த்தாள். "பாத்தியா, சும்மா ஒளற்ற" என்றார் அப்பா. அவளை எனக்குத் தெரியும். ஒன்று தப்பாக இருந்தால் அவளால் பொறுக்கவே முடியாது. சிலேட்டை இழுத்து 'ஆ' எழுதினேன். "இது ஊ" என்றேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்து 'இ' எழுதி, "இது ஓ" என்றேன். அவள் மூச்சு வேகமாக வந்தது. மூன்றாவதாக 'எ' எழுதினேன். அதைப் போய்த் தொட்டேன் பாருங்கள்.

"இது ஐ. ஐஸ்."

"தாக்! புக்கான்!" என்று கத்தினாள். குச்சியைப் பிடுங்கினாள். "இது எ! இது ஆ! இது இ!" என்று தட்டித் தட்டிக் காட்டினாள். காட்டி முடித்த பிறகுதான் அவள் கை நின்றது.

அப்பா எச்சில் கையோடு அவளைத் தூக்கிச் சுற்றினார். "என் ராஜாத்தி! எங்கடி வச்சிருந்த இவ்ளோ நாளா?" அம்மா கீரையை அப்படியே போட்டுவிட்டு வந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்து அழுதாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பாவின் தோளுக்கு மேல் தங்கச்சியின் முகம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக அப்பாவின் காதருகே கேட்டாள்.

"அப்பா, ரயிலு?"

"ரயிலாவது ஒண்ணாவது. எங்கயும் போக வேணாம் கண்ணு. நீதான் படிச்சிட்டியே!"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அன்று தூங்கும்போது கைலியின் இரண்டு முனையையும் அவளே வைத்துக்கொண்டாள். அடுத்த நாளிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டாள், சுத்தமான தமிழில். நான்தானே கேட்டேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சட்டென்று நடந்துவிட்டது. பாலர் பள்ளியில் அவள்தான் முதல் பிள்ளை. மலாயை வீட்டுக்குள் பேசக்கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். கைலியை அம்மா வெந்நீரில் போட்டுத் துவைத்துத் துவைத்து, ஒரு நாள் அது அடுப்புத் துணியாகிவிட்டது. ஒரு தடவை மாக்சிக் பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தார். பிள்ளை மறுபடி அழ ஆரம்பித்துவிடும் என்று, அவர் தெருமுனையில் வருவதைக் கண்டதுமே அம்மா தங்கச்சியை முன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மாக்சிக் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். அன்று சனிக்கிழமை. அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார், போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையை இரண்டாவது தடவை இழக்க அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நான் எத்தனையோ தடவை திரும்பப் போய்ப் பார்த்துவிட்டேன். நான் எழுந்து முன் வீட்டுக்கு ஓடியிருக்கலாம், பத்தடி தூரம்தான்.

பெரியவளாகி, வேலைக்குப் போன பிறகு கிள்ளானுக்குப் போய்த் தேடினேன். அந்த வீட்டு வரிசையே இல்லை. கடைகள் வந்துவிட்டன. ஒரு பழக்கடைக்காரரிடம் விசாரித்தேன். "எந்த மாக்சிக்? பேரு சொன்னா கேட்டுப் பாக்கலாம் லா" என்றார். அவர் கேட்டது எனக்கு அப்போது சரியாக உறைக்கவில்லை.

தங்கச்சி இப்போது ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற தமிழாசிரியை, நல்ல கோபக்காரி. போன மாதம் அவள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேரும் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். கூடத்தில் அவளுடைய நான்கு வயதுப் பேரன், எழுத்துச் சொல்லச் சொன்னால் வாயை இறுக மூடிக்கொண்டு மேசைக்கடியில் படுத்திருந்தான்.

"யாரு புத்திக்கா இவனுக்கு? எனக்கெல்லாம் நீதானே சொல்லிக் குடுத்த. நான் இப்படியா அழிச்சாட்டியம் பண்ணேன்?"

இதைச் சொல்ல அறுபது வருஷம் காத்திருந்தேன் போலிருக்கிறது. "நீ ரயிலுக்காகப் படிக்காம இருந்த" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். சிலேட்டை, கோழியை, கரியை, நான் செய்த துரோகத்தை. கை தன்பாட்டுக்குக் கிள்ளிக்கொண்டே இருந்தது. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் ஆர்வமாகக் கேட்டாள், யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதையைக் கேட்பது போல. இரண்டு இடத்தில் சிரித்தாள்.

"யார் வீட்லயோ விட்டிருந்தாங்கன்னு அம்மா சொல்லியிருக்காங்க. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லக்கா, மொகம்கூட. நல்லா பாத்துக்கிட்டாங்களா என்னை?"

"பாத்துக்கிட்டாங்க."

"பாவம்ல" என்றாள். நெத்திலித் தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினாள். "அவங்க பேரு என்னக்கா?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவர் 'அந்தம்மா', எனக்கு 'மாக்சிக்'. நாங்கள் யாருமே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டுச் சொல்ல இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

"நீ எமாக்னு கூப்பிடுவ" என்றேன்.

"எமாக்னா அம்மாதானேக்கா" என்று சிரித்தாள். "நான் பேரு கேட்டேன்."